சாம்பார்ல என்னண்ணே போட்டிருக்கீங்க?

மதுரைக்காரன் ஒருவனிடம் டாக்டர் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "தம்பி, இனிமே பரோட்டாவைத் தொடக்கூடாது." என்னிடம் சொல்லிவிட்டார். காலேஜ் முதல் வருஷம் முடிகிற சமயம். கூட வந்திருந்த அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணு ரெண்டு சாப்பிட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். எனக்காகக் கேட்டாரா, ராத்திரி பரோட்டா கடைக்குத் தனக்குத் துணை இல்லாமல் போய்விடுமே என்று கேட்டாரா, இன்று வரை தெரியாது :)

வியாதியின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே தாக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலில் குடலுறிஞ்சிகள் என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அவைதான் மழுங்கிப் போகும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. எனக்கு ரத்தசோகை. ஒரு வருஷம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி, பிறகு மேலே சொன்ன வாக்கியம்.

இதற்கு மருந்து கிடையாது. குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து, ஆயுசுக்கும். இதைக் கண்டுபிடித்த கதையே சாப்பாட்டுக் கதைதான். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்றொரு குழந்தை மருத்துவர். இந்தக் குழந்தைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லையோ என்று 1930களிலேயே அவருக்குச் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் வியாதியும் திரும்பி வந்தது. ஊருக்கே வந்த சோறு சிலருக்கு மட்டும் விஷம். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் எழுத வந்தது வியாதியைப் பற்றி அல்ல, ஹோட்டலைப் பற்றி.

*

"நம்ம ஊர் சாப்பாடு அரிசிதானே, உனக்கு என்ன பிரச்சனை?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பஞ்சாபில் பிறந்திருந்தால் கஷ்டம், நாம் இட்லி தோசை ஆள், பரோட்டாவையும் பூரியையும் விட்டால் முடிந்தது என்று தெம்பாக இருந்தேன். அம்மா வீட்டில் இருந்த மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. குறைந்திருக்க வேண்டிய எண் குறையவில்லை.

உணவியல் நிபுணர் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க?"

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருந்தது: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்போதும் கோதுமை மாவுதான்.

கடையில் பெருங்காயம் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து வருகிறது. (இந்தியாவில் பயிர் செய்து பார்க்கவே 2020-ல்தான் இமாசலப் பிரதேசத்தில் முதல் நாற்றை நட்டார்கள்.) அதன் வீரியத்தை அப்படியே சமையலில் தாங்க முடியாது என்பதால் கோந்தும் மாவும் கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை அல்லது மைதா. சில கம்பெனிகள் அரிசி மாவு கலக்கின்றன.

இப்போது ஒரு சைவ ஹோட்டல் மெனுவை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, மோர், தாளித்த தயிர்சாதம், ஊறுகாய், இட்லிப் பொடி. எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை இருக்கிறது. இது போக, பூரி பொரித்த எண்ணெயில் வடை, சப்பாத்தி போட்ட கல்லில் தோசை. அசைவக் கடைக்குப் போனால், கொத்து பரோட்டா கொத்திய அதே கல்லில் ஆம்லெட். சைனீஸ் ஐட்டம் என்றால் சோயா சாஸிலேயே கோதுமை, கோபி மஞ்சூரியனின் மேல் மாவில் மைதா. சத்தான ராகி சேமியா என்று வாங்கினால் அதிலும் பல பாக்கெட்டுகளில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. அரிசி நாட்டில் இருக்கிறோம் என்பதே ஒரு பொய்யான தைரியம்.

"ஒரு சிட்டிகைக்கெல்லாமா?" என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டே சொல்கிறேன். ஒரு பரோட்டாவுக்கு சுமார் 50 கிராம் மைதா. மைதாவில் பத்து சதவீதத்தை ஒட்டிப் புரதம், அதில் பெரும்பகுதி குளூட்டன். ஒரு பரோட்டாவில் சுமார் 4 கிராம், அதாவது 4,000 மில்லிகிராம் குளூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரோட்டாவை நூறு துணுக்காகப் பிய்த்தால் ஒரு துணுக்கில் 40 மில்லிகிராம். தினமும் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே சீலியாக் உள்ளவர்களின் குடலில் பாதிப்பு தெரிகிறது என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பொருளின் மேல் குளூட்டன் இல்லாதது என்று அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியே சொல்கிறது. அதனால்தான் "பரோட்டாவை மட்டும் எடுத்து வச்சுட்டு மத்ததைச் சாப்பிடு மாப்ள" என்று நீங்கள் அன்போடு சொல்லும்போது நான் திருதிருவென்று முழிக்கிறேன்.

*

வெளியே சாப்பிடப் போகும்போது நடக்கும் காமெடியைக் கேளுங்கள்.

நான்: "அண்ணே, கோதுமை, மைதா கலக்காம என்ன இருக்கு?"

சப்ளையர்: "சுகரா தம்பி? இந்த வயசுலயேவா? சப்பாத்தி சாப்பிடுங்க, ஒண்ணும் பண்ணாது."

நம் ஊரில் கோதுமை என்றால் பத்தியச் சாப்பாடு. சர்க்கரை வியாதிக்காரர்களிடம் சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிடச் சொல்லிச் சொல்லியே, உடம்புக்கு ஆகாது என்றால் சோறுதான் ஆகாது, கோதுமைதான் ஆகும் என்று மனசில் பதிந்துவிட்டது. அதனால் நான் கேட்பது அவர் காதில் தலைகீழாக விழுகிறது. இன்னொரு இடத்தில் "மைதாவே இல்ல தம்பி, சுத்தமான ரவை" என்று ரவா கிச்சடியை வைத்தார்கள். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. எண்டோஸ்கோப்பிக்கு முன்னால் எனக்கும் தெரியாது.

சாப்பாட்டு டப்பாவைக் கையோடு கொண்டு போனால்? "வெளி உணவுப் பொருட்களைச் சாப்பிட அனுமதி இல்லை" என்ற போர்டு தொங்குகிறது. ஏழு பேர் ஆர்டர் செய்திருக்க, எட்டாவது ஆள் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் திறந்தால் மேனேஜர் வந்து நிற்பார். டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டிச் சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்து டேபிளில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது எலுமிச்சை சாதம் தொண்டையில் இறங்காது.

எல்லாவற்றையும் காமெடி என்று தள்ள முடியாத ஒரு நாளும் உண்டு. நான்காவது செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி, நண்பனின் பிறந்தநாள் ட்ரீட். ஊரில் பேர் போன ஒரு ஹோட்டல். நெய்ச்சோறும் வெஜிடபிள் குருமாவும் ஆர்டர் செய்யும் முன் தெளிவாகக் கேட்டேன், இதில் மைதா, கோதுமை ஏதாவது உண்டா என்று. "நெய்ச்சோறு அரிசிதான தம்பி, குருமா காய்தான. தைரியமாச் சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். நள்ளிரவில் ஆரம்பித்த வாந்தி விடியும்வரை நிற்கவில்லை. பரீட்சை ஹாலுக்குப் போகவில்லை. என் மார்க்ஷீட்டில் ஏறிய ஒரே அரியர் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து அதே ஹோட்டலுக்குப் போய், சண்டை போடாமல், குருமா எப்படிச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். உள்ளேயிருந்து வந்த மாஸ்டர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "கூட்டம் ஜாஸ்தியா இருந்தா கெட்டிப்படுறதுக்கு ரெண்டு கரண்டி மைதா கரைச்சு ஊத்துவோம் தம்பி. ஏன், நல்லாருந்துச்சா?"

அவர் ஒளிக்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். என் கேள்வி அவர் வரைக்கும் போகவில்லை, அவ்வளவுதான்.

*

இங்கேதான் என் காமர்ஸ் மூளை வேலை செய்கிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரில் என்ன கோளாறு என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, இந்த ஏற்றத்தாழ்வு சந்தையையே கெடுக்கும் என்பது சாராம்சம். ஹோட்டலில் கதை இன்னும் விசித்திரம். இங்கே விற்பவனுக்கும் தெரியாது. மைதா கரைத்த விஷயம் மாஸ்டருக்குத் தெரியும், சப்ளையருக்குத் தெரியாது. பெருங்காயத்தில் கோதுமை இருப்பது மாஸ்டருக்கே தெரியாது, டப்பாவில் எழுதியிருக்கிறது. அந்த டப்பாவிலிருந்து எவர்சில்வர் சம்படத்துக்குப் பெருங்காயம் மாறியதும் டப்பா குப்பைக்குப் போய்விடுகிறது. தகவலும் கூடவே போய்விடுகிறது.

ஆனால் டேபிளில் நிற்கிறவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். "தெரியாது" என்று சொன்னால் கஸ்டமர் எழுந்து போய்விடுவார், முதலாளி திட்டுவார். அதனால் "ஒண்ணும் இல்ல தம்பி" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, வியாபாரத்துக்கு ஏற்ற பதிலைச் சொல்கிறார். அந்த பதிலுக்கு விலை கொடுத்தது நான்.

என் கருத்து இதுதான். எங்களைப் போன்றவர்களுக்கு ஹோட்டலில் தனி மெனு வேண்டாம், தனிச் சமையலறை வேண்டாம். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லும் ஒரு பதில் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தனி மெனுவையும் பார்த்துவிட்டேன். ஒரு பெரிய ஊருக்குப் போயிருந்தபோது, மெனுவில் சில ஐட்டங்களுக்குப் பக்கத்தில் கோதுமைக் கதிரின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம். கண்ணில் தண்ணீர் வராத குறை. விலை மற்ற ஐட்டங்களைவிட நூறு ரூபாய்க்கு மேல் அதிகம். பரவாயில்லை என்று ஒரு பான்கேக் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எட்டிப் பார்த்தால், பக்கத்து டேபிளின் மைதா பான்கேக் வெந்து இறங்கிய அதே தவாவில் என்னுடையது ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே அந்தப் படம் ஒரு ஃபேஷன். உடம்பு இளைக்க, சருமம் மினுங்க என்று குளூட்டனை விடுகிறவர்களுக்கானது. அவர்களுக்கு ஒரு துணுக்கு பட்டால் ஒன்றுமில்லை. எனக்கு அப்படி இல்லை. இந்த ஃபேஷனால் எங்களுக்கும் நன்மை உண்டு, கடையில் பொருட்கள் கிடைக்க ஆரம்பித்தன. ஆனால் "இதுவும் ஒரு டயட் கேஸ்" என்று எங்களையும் சேர்த்து அலட்சியமாகப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்தது.

*

ஹோட்டல்காரர் ஒருவர் எதிர்க்கேள்வி கேட்கலாம். நியாயமான கேள்விதான். "ஆயிரம் பேர்ல ஒருத்தனுக்காக நான் ஏம்ப்பா மாறணும்?"

ஆயிரத்தில் ஒருவன் என்பது கிட்டத்தட்ட உண்மையும்கூட. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம்தான். குடல் பரிசோதனை வரை போய் உறுதியானவர்கள் தெற்கே அதையும்விடக் குறைவு. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு தகவலையும் பார்க்க வேண்டும். இந்த வியாதிக்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் தெற்கே அப்படியொன்றும் குறைவில்லை. பெரிய வித்தியாசம் சாப்பிடும் கோதுமையின் அளவில்தான் இருந்தது. இன்றைக்கு நம் ஊரில் ராத்திரியானால் எத்தனை வீட்டில் சப்பாத்தி, எத்தனை ஹாஸ்டலில் பரோட்டா என்று எண்ணிப் பாருங்கள். அந்த 0.10 அப்படியே நிற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அடுத்து, ஒருத்தன் என்பது ஒரு சாப்பாடு அல்ல. நாங்கள் எட்டு பேர் வெளியே போனால், எட்டு பேரும் எங்கே போவது என்பதை நான்தான் தீர்மானிக்கிறேன். எனக்குச் சாப்பிட ஒன்றுமே இல்லாத கடைக்கு மற்ற ஏழு பேரும் போவதில்லை (நன்றி மக்கா). கணக்குப் புத்தகத்தில் அந்தக் கடை இழந்தது ஒரு நெய்ச்சோறு அல்ல, எட்டுப் பேர் பில்.

செலவு என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். நான் கேட்பது மூன்றே மூன்று.

1. பெருங்காயத்தை மாற்றுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கடையிலேயே கிடைக்கிறது. ஒரு அண்டா சாம்பாருக்குப் போடும் அளவில், ஒரு பிளேட் இட்லிக்கு எத்தனை பைசா கூடும் என்று கால்குலேட்டரில் போட்டால் வாய்விட்டுச் சிரித்துவிடுவீர்கள். அந்த ஒரு மாற்றத்தில் சாம்பார், ரசம், மோர், தயிர்சாதம் என்று பாதி மெனு எங்களுக்குத் திறந்துவிடும்.

2. வாங்கும் மசாலா, சாஸ், பெருங்காயம் எல்லாவற்றின் அட்டையையும் கிழித்து ஒரு நோட்டில் ஒட்டி அடுக்களையில் மாட்டுங்கள். யாராவது கேட்டால் நோட்டைப் பார்த்துச் சொல்லலாம். செலவு: ஒரு நோட்டு, ஒரு பாட்டில் பசை.

3. "தெரியல, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லும் உரிமையை சப்ளையருக்குக் கொடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பெரிய ஹோட்டல்களுக்கு இது வெறும் வேண்டுகோளும் அல்ல. பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வாமை தரும் பொருட்கள் பற்றிய விவரத்தையும் கலோரிக் கணக்கையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ல் வந்த விதி 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய யூனியனில் 2014 டிசம்பரிலிருந்து சின்ன ஹோட்டல்கூட, குளூட்டன் உள்ள தானியங்கள் உட்பட 14 பொருட்களைப் பற்றிக் கேட்டால் சொல்லியாக வேண்டும். பாஸ்தாவும் பீட்ஸாவும் பிறந்த இத்தாலியிலேயே, சீலியாக் நோயாளிகள் சங்கம் ஹோட்டல்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பட்டியல் போடுகிறது. கோதுமையில் குளித்த நாட்டால் முடிகிறது என்றால், இட்லி அவிக்கிற நம்மால் முடியாதா?

*

முடியும் என்று எனக்குத் தெரியும். பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சின்ன டிபன் கடை. ஆறு டேபிள், ஃபேன் சத்தம், சுவரில் சாமி படம். பரிமாறுகிறவருக்கு அறுபது வயசு இருக்கும். முதல் தடவை போனபோது வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியல தம்பி. இருங்க, உள்ள கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

திரும்பி வரும்போது கையில் பெருங்காய டப்பா. என் முன்னால் வைத்து, "எனக்கு இந்தப் பொடி எழுத்து தெரியாது, நீங்களே படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். கோதுமை மாவு இருந்தது. "அப்ப சாம்பார் வேணாம். தோசையும் வேணாம், கல்லுல இப்பதான் சப்பாத்தி போட்டிருக்காய்ங்க. இட்லி எறக்கித் தர்றேன். தேங்காச் சட்னி, பெருங்காயம் போடாம, தாளிக்காம தனியா எடுத்துத் தரச் சொல்றேன்." நாலு இட்லி வந்தது, வாழையிலையில். தண்ணீர் தெளித்துத் துடைத்த இலையைவிடப் பாதுகாப்பான தட்டு எங்களுக்கு உலகத்தில் கிடையாது.

பெரிய ஹோட்டலின் அலங்கார மெனுவில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. அவருக்கு சீலியாக் என்றால் என்னவென்று தெரியாது, குளூட்டன் தெரியாது. தனக்குத் தெரியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அந்தக் கடை பெருங்காயத்தை மாற்றிவிட்டது என்று சொல்லி முடிக்கத்தான் ஆசை. மாற்றவில்லை. போன மாதம் போனபோதும் அதே டப்பாதான். ஆனால் சாம்பார் வாளியோடு ஒரு புதுப் பையன் என் இலைப் பக்கம் வந்தபோது, கல்லா பக்கமிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்: "டேய், அந்தத் தம்பிக்கு ஊத்தாதடா!"

*

கடைசியாக வகுப்புத் தோழர்களுக்கு. உங்களிடமும் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். "இன்னைக்கு வயிறு சரியில்ல", "அம்மா சமைச்சு வச்சிருக்காங்க", "டியூஷன் இருக்கு" என்று இரண்டு வருஷமாக நான் சொன்ன காரணங்களில் பாதி பொய். உங்கள் ஜாலியைக் கெடுக்கிறவனாக இருக்க வேண்டாமே என்று சொன்னது. ஒவ்வொரு கடையிலும் நின்று கேள்வி கேட்கவும் வெட்கமாக இருந்தது. சப்ளையர் "தெரியாது" என்று சொல்லவில்லை என்று இவ்வளவு நீளமாகக் குறைப்பட்டுக்கொள்கிற நானே உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. அதுவும் தப்புதான்.

ஃபேர்வெல் சாப்பாட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்காக மெனுவை மாற்ற வேண்டாம், பரோட்டா இல்லாமல் செய்துவிட வேண்டாம், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் :) நீங்கள் சாப்பிடுவதை நான் வேடிக்கை பார்ப்பேன், சால்னா வாசனைக்கு டாக்டர் தடை போடவில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு போன் மட்டும் போடுங்கள். பிரியாணி மசாலாவில் என்ன சேர்க்கிறார்கள், அதைக் கிளறும் கரண்டி வேறு எதற்கும் போகிறதா என்று கேளுங்கள்.

"ஒண்ணும் இல்ல தம்பி, தைரியமா வாங்க" என்று போனை எடுத்தவரே பட்டென்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். "இருங்க, மாஸ்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றால் அங்கேயே புக் பண்ணிவிடுங்கள். நானும் வருகிறேன்.